தளமும் களமும்

ஆசிரியப் பயிற்சி முடித்து, போடிநாயக்கனூரை அடுத்த மலையடிவாரத்துப் பள்ளியொன்றில் நான் பணியேற்ற புதிது. ஒரு நாள் மாலை, எஸ்டேட்டில் வேலை பார்த்துவந்த முதியவர் ஒருவர் பழைய ஆங்கில அறிவிப்புத் தாளொன்றைக் கொண்டுவந்து, அதில் கண்டிருப்பது யாதென்று கேட்டார். பிள்ளைகள் ‘பார்பிக்யூ’வின்மீது ஓடலாகாது என்று அதில் ஒரு வரி. அச்சொல்லை நான் அறியேன். கையிலிருந்த சிறிய அகராதியோ, இறைச்சி சுடும் சட்டம் என்று பொருள் கூறிற்று. அதன்மீது பிள்ளைகள் எங்ஙனம் ஓடுவர்? நான் திகைத்து நிற்க, முதியவரே சிரித்து, “காப்பிக் களத்தைத்தான் சொல்லியிருக்காக, வாத்தியாரையா” என்றார்.

தோட்டத் துரைமார்களின் ஆங்கிலத்தில், காப்பிப் பழம் உலர்த்தும் தளத்துக்கு அதுவே பெயர். அப்பெயர் நம் மலைக்கு வந்த வழி மிக நெடிது. மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடியினராகிய தைனோ மக்கள், கம்புகளை நட்டு, அவற்றின்மேல் குச்சிகளைப் பரப்பி உயரமான சட்டம் ஒன்று அமைப்பர். அதன்கீழ்த் தீ மூட்டி இறைச்சியையும் மீனையும் வாட்டுவர். ஸ்பானியர் அதன் பெயரைப் ‘பார்பகோவா’ என்று எழுதிவைத்தனர். 1697இல் வெளியான டாம்பியரின் பயண நூலில் அச்சொல், தரையினின்று உயர்ந்த படுக்கைப் பரணைக் குறிக்கிறது. நம் தினைப்புனக் காவற்பரணை நினைத்துக்கொண்டால் போதும், பொருள் விளங்கிவிடும்.

1728இல் ஜமைக்காவுக்குக் காப்பிச்செடி வந்தது. அங்கே பழத்தை உலர்த்துவதற்குச் சாந்து பூசிய தளங்கள் அமைத்தார்கள். பரணுக்குரிய பெயர் தளத்துக்கு இறங்கிவந்தது. உலர்த்தும் தொழில் இரண்டுக்கும் பொதுவாயிருந்ததே காரணமாகலாம். ஜமைக்காவில் தொழில் பயின்ற டைட்லர் என்பவர் 1837இல் இலங்கைக்கு வந்து, மேற்கிந்திய முறையில் காப்பி பயிரிடும் வழக்கத்தை அங்கே பரப்பினார். அத்தோட்டங்களிற் பாடுபட்டவர்கள் பெரும்பாலும் நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றோரே. 1869இல் இலைநோய் தோன்றி இலங்கைக் காப்பியை அழிக்கத் தொடங்கிற்று. 1877இல் மன்றோ என்பவர் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். இவ்வாறு ஆங்கிலேயத் தோட்டங்கள் நம் பக்கத்து மலைகளிலும் பெருகின. அவர்கள் சொற்களும் உடன் ஏறின.

ஆனால் நம்மவர் நாவில் அச்சொல் ஒட்டவில்லை. ஒட்டவேண்டிய தேவையும் இல்லை. களம் என்னும் சொல் நமக்குச் சங்க காலத்திலிருந்தே உரியது. ஏரோர் களமும் களம். வேந்தர் பொருத இடமும் களம். வைக்கோற் குவியலும் போர், சண்டையும் போர். புலவர்கள் இவ்விரண்டையும் இணைத்துப் பாடியதில் வியப்பில்லை. அறுவடைக்குமுன் களம் செய்வதே ஒரு தொழில். புல்லைச் செதுக்கி, மேடுபள்ளம் நிரவி, நீர் தெளித்து, மாடுகளை ஓட்டி இறுக்கி, பின்னர்ச் சாணம் மெழுகுவார்கள். மெழுகாத வெறுமண்ணில் உலர்த்திய காப்பியில் மண்வாடை ஏறிவிடும். குடிப்பவர் நா அதைக் கண்டுகொள்ளும்.

ஆங்கிலேயருக்கும் தரை பற்றிய சொந்தச் சொற்கள் இல்லாமல் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அவர்கள் மொழியில் தரைக்கு ‘ஃப்ளோர்’ என்று பெயர். இன்றைய சொல்லும் அதுவே. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஃபாலர் என்றொரு சிற்றூர் உண்டு. அப்பெயருக்குப் பல நிறத் தரை என்று பொருள். ரோமானியர் வண்ணக் கற்களைப் பதித்து அமைத்த தளத்தைப் பின்வந்தோர் கண்டு வியந்து, ஊருக்கே அப்பெயரிட்டனர் என்பது அறிஞர் கருத்து. ‘ஃப்ளெட்’ என்பதும் அவர்களது பழைய தரைச்சொல். இன்று மதுரையிலும் சென்னையிலும் விலைபேசுகிறோமே, அந்த ‘ஃபிளாட்’ அதன் வழித்தோன்றலே. தரை என்ற பெயரை வைத்துக்கொண்டு அது ஆறாம் மாடியில் இருக்கிறது!

நம் சொற்களுள் என்னை மிகக் கவர்ந்தது ‘பாவுதல்’. நாற்றங்காலில் விதையைப் பாவுகிறோம். நெசவாளர் நூலை நீளவாட்டில் விரிப்பதும் பாவு. கொத்தனார் கல்லைத் தளமாகப் பரப்புவதும் பாவுதல். உழவர், நெசவாளர், கொத்தனார் ஆகிய மூவரும் ஒரே வினைச்சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றனர். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காய் ஊறிய நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய பழைய தளங்கள் நம் ஊர்ப் பெரிய வீடுகளில் உண்டு. இப்போது வழவழப்பான ஓடுகளை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். திமிசு என்றால் என்னவென்று இளைய கொத்தனார் ஒருவரைக் கேட்டேன், அவர் அறியார்.

ஏலக்காயின் கதை வேறு. வெயிலில் உலர்த்தினால் அதன் பச்சைநிறம் வெளுத்துவிடும். ஆகவே அதற்குக் களம் உதவாது. ‘ஸ்டோர்’ என்று வழங்கும் கட்டடத்தினுள், அடுக்கடுக்கான சட்டங்களில் வலைத்தட்டுகளை வைத்து, காயைப் பரப்பி, கீழிருந்து குழாய்வழி வெப்பம் செலுத்தி ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் உலர்த்துகின்றனர். உயர்ந்த சட்டம், கீழே சூடு, மேலே உலரும் பொருள்: தைனோ மக்களின் பார்பகோவா இதுவன்றோ! அப்பெயருக்கு உரிமையுள்ள பொருள் ஸ்டோரிலிருக்க, துரைமார் அதைக் காப்பித் தளத்துக்கன்றோ சூட்டிவிட்டனர்.

எங்கள் பக்கத்து நெற்களங்கள் பலவும் இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. அறுவடைப் பொறி வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. உலர்த்த இடமின்றி, உழவர் தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்புகின்றனர். சென்ற அறுவடையின்போது நான் பயணம் செய்த வண்டி அந்நெல்லின்மேல் ஏறவிருந்தது. காவலிருந்த அம்மையார் துடைப்பத்தை ஓங்கியபடி எழுந்து, “களத்துல ஏத்தாதீங்கப்பா, ஒதுங்கிப் போங்க!” என்று கூவினார். ஓட்டுநர் வண்டியை ஒதுக்கினார்.