மூர் மார்க்கெட்

சென்னை பிராட்வேயில் இருந்த பாப்ஹாம் சந்தை நெரிசலும் அசுத்தமும் மிகுந்து போனதால், மாநகராட்சி அதற்கு மாற்றாகப் புதிய சந்தை ஒன்றைக் கட்டியது. மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டினார். 1900-இல் சந்தை திறக்கப்பட்டது. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, இந்தோ-சாரசனிக் பாணியில், செங்கல் சிவப்பில் எழுந்த கட்டடம் அது.

நாளடைவில் மூர் மார்க்கெட் என்றாலே பழைய பொருள்கள் என்றானது. பழைய துணி, கிராமபோன் தட்டு, கடிகாரம், வளர்ப்புப் பறவைகள் எனக் கிடைக்காதது குறைவு. பேர்பெற்றவை பழைய புத்தகக் கடைகள்தான். அட்டை பிய்ந்த நாவலும் அரிய முதல் பதிப்பும் ஒரே குவியலில் கிடக்கும். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு வாங்குபவர் நகர்ந்துவிட வேண்டும். பின்னாலிருந்து கூப்பிட்டால் விலை பாதியாகும். ஆர்வத்தைக் காட்டிவிட்டால் பேரம் படியாது. மாணவர்களுக்கு மலிவான பாடநூலும் ஆய்வாளர்களுக்கு நூலகத்தில் இல்லாத நூலும் இங்கே கிடைத்தன.

1985 மே 30-இல் பெருந்தீ சந்தையை அழித்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. ரயில்வே பதிவேட்டில் அதன் பெயர் இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்தான். வியாபாரிகளுக்கு அருகிலுள்ள அல்லிக்குளம் வணிக வளாகத்தில் கடைகள் ஒதுக்கப்பட்டன.