துவரும் தோலும்

பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு வெற்றிலைப் பெட்டி புதிய பொருளன்று. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு அதில் ஒரு பழுப்புக் கட்டியும் கிடக்கும். நம் பாட்டிமார் அதனைக் காசுக்கட்டி என்றனர்; மலாய்க்காரர் காம்பிர் என்பர். தமிழகத்துக் காசுக்கட்டி கருங்காலி மரத்தின் வயிரத்தைக் காய்ச்சி எடுப்பது. இந்நாட்டுக் காம்பிரோ ஒரு கொடியின் இலையைக் காய்ச்சி எடுப்பது. செடி வேறாயினும் நாவில் இரண்டும் செய்வது ஒன்றே. நாவை இழுத்துப் பிடித்து உலர்த்தும் அந்த உணர்வுக்குத் தமிழர் இட்ட பெயர் துவர்ப்பு. அறுசுவையுள் ஒன்றாக அதனை எண்ணியவர்கள் நாம்.

இந்தச் சுவைக்கும் காலில் அணியும் செருப்புக்கும் உள்ள உறவே இவ்வுரையின் பொருள். துவர்ப்பொருள் உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு பிணைந்து அதன் வழவழப்பை நீக்குவதால்தான் நாக்கு வறள்கிறது. அதே பொருள், உரித்த தோலின் நார்ப்புரதத்தோடு பிணையும்போது தோல் அழுகாத பண்பைப் பெறுகிறது. ஈரம் பட்டால் பச்சைத்தோல் நாறும்; வெயில் பட்டால் விறைத்துப் பலகையாகும். துவர் ஏறிய தோல் இவ்விரண்டிற்கும் ஆட்படாது வளைந்து கொடுக்கும். உணவைப் பதமாக்குவதுபோலவே தோலையும் பதத்துக்குக் கொணர்வதால், அத்தொழிலைப் பதனிடுதல் என்று வழங்குகிறோம்.

ஓர் ஐயத்தை முதலிலேயே நீக்கிவிடுவோம். மாணவர் பலர் தோல் என்றவுடன் நம் ஊர்த் திருவிழாவின் உறுமி மேளத்தை நினைப்பர். உறுமி, பறை ஆகியவற்றில் போர்த்துவது பதனிட்ட தோலன்று. மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்திய பச்சைத்தோல் அது. மழைக்காலத்தில் அதன் ஒலி தளர்வதும், தீயில் காய்ச்சியபின் மீண்டும் கணீரென ஒலிப்பதும் அதில் துவர் ஏறாததால்தான்.

தோல் தைப்போர் தமிழ் நகரங்களில் பழமையானவர்கள். புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும் சிலப்பதிகாரம், பொற்கொல்லர், தச்சர் முதலியோருடன் தோல் தைப்போரையும் வரிசையில் நிறுத்துகிறது. அங்கே அவர்கள் நகரத்தின் உறுப்பினர். பிற்காலத்தில் அத்தொழிலைச் செய்தோர்மீது இழிவு சுமத்தப்பட்டது. பொருள் வீட்டிற்குள் வந்தது, செய்தவர் வாயிலுக்கு வெளியே நின்றார். தோலின் வரலாற்றைப் பேசும் எவரும் இதனைக் கடந்து செல்ல இயலாது.

தமிழகத்துப் பதனிடு முறையின் உயிர் ஆவாரஞ்செடி. பொங்கலுக்கு முன் வேப்பிலையோடும் சிறுபீளையோடும் காப்புக் கட்டுகிறோமே, அந்த மஞ்சள் பூவின் செடிதான். உழவுக்கு உதவாத செம்மண் தரிசில் தானாக முளைப்பது. அதன் பட்டையில் துவர்ப்பொருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உண்டு. எஞ்சியது சக்கையே, ஆதலால் தோல் கிடங்குகளுக்குப் பட்டை மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டது. கொன்றைப் பட்டையும் பயன்பட்டது.

வேலை நடக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். பாடநூல்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. உப்பிட்டு வந்த தோலை முதலில் நீரில் ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் போக்குவர். பின்பு சுண்ணாம்புத் தொட்டி. பல நாள் அதில் கிடந்தால் மயிர்க்கால் தளரும். மரக்கட்டையின்மேல் தோலை விரித்து, இருபுறமும் பிடியுள்ள கத்தியால் மேலே மயிரையும் கீழே ஒட்டிய தசையையும் வழித்தெடுப்பர். சுண்ணாம்பு போகக் கழுவியபின் பட்டைநீர்த் தொட்டிக்குச் செல்லும். இங்கேதான் கைத்திறன். முதல் தொட்டியில் நீர்த்த பட்டைநீரே இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கெட்டியான நீரில் இட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகி வாயை மூடிக்கொள்ளும். உள்ளே பச்சையாகவே நின்று பின்னர் அழுகும். ஆகவே ஒவ்வொரு தொட்டியாக வலுவைக் கூட்டிச் செல்வர். ஆட்டுத்தோலுக்குச் சில வாரங்கள், மாட்டுத்தோலுக்கு அதனினும் மிகுதி. இறுதியில் கடுக்காய் நீர். ஆவாரை மட்டும் ஏறிய தோல் வெயிலில் செந்நிறம் அடையும், கடுக்காய் அதனைத் தடுத்து இளமஞ்சள் நிறத்தைக் காக்கும். பின்னர் எண்ணெய் தடவி நிழலில் உலர்த்துவர்.

ஊர்தோறும் சிறு அளவில் நடந்த இத்தொழில் ஏற்றுமதித் தொழிலானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். சென்னையில் 1840களில் முறையைச் சீர்செய்தவராக டி சூசா என்னும் யூரேசியர் ஒருவரைத் தொழில் வரலாறு சுட்டுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி, ஈரோடு ஆகிய ஊர்களில் கிடங்குகள் பெருகின. முதலீடு பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் வணிகருடையது. தொட்டியில் இறங்கி நின்ற கால்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களுடையவை. பாதி வேலை முடிந்த இத்தோல் இலண்டன் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்றே பெயர் பெற்றது. முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் படைவீரரின் காலணிகளுக்கு மேல்தோலாகச் சென்னை மாகாணத்து மாட்டுத்தோலை அரசே வாங்கியது. 1919இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காட்டு வரி விதிக்கப்பட்டமையும் இத்தொழிலை உள்நாட்டில் நிறுத்தும் நோக்கமுடையதே. பேரரசு நாடுகளுக்குச் செல்வதில் பெரும்பங்கைத் தள்ளுபடி செய்ததால் அவ்வரி பாதி வாயில்லாத வேலியாயிற்று.

அதே காலத்தில்தான் கங்காணிகள் வட ஆர்க்காட்டிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மக்களை மலாயாவிற்கு அழைத்து வந்தனர். பினாங்கில் இறங்கிக் கெடாத் தோட்டங்களுக்கு வந்தோருள், தோலோடும் பறையோடும் பிணைத்து இழிவு சுமத்தப்பட்ட சமூகத்தார் பலர் இருந்தனர். இங்கே அவர்கள் கையில் எடுத்தது பால்வெட்டும் கத்தி. பறை வந்தது, உறுமி வந்தது. பட்டைநீர்த் தொட்டி வரவில்லை. கால்நடைச் சந்தையும் ஆவாரங்காடும் இங்கே இல்லை என்பது ஒரு காரணம். அதனினும் வலிய காரணம், வசவுச் சொல்லாக்கப்பட்ட ஒரு தொழிலைக் கடல் கடந்தும் சுமக்க எவரும் விரும்பமாட்டார் என்பதே. அந்த விலகலை இழப்பு என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

ஆயினும் மலாய் மண் துவர் அறியாததன்று. நமக்கு அண்மையிலுள்ள மெர்போக் ஆற்று முகத்துவாரம் அலையாத்திக் காடுகள் நிறைந்தது. மலாய்க் கரையோரங்களில் பாக்காவ், தெங்கார் மரப்பட்டைகளை ஊறவைத்து மீனவர் தம் வலைகளுக்குத் துவரேற்றினர். பருத்தி நூல் கடல்நீரில் இற்றுப்போகாதிருக்க அதுவே காப்பு. நைலான் வந்தபின் அவ்வழக்கம் மறைந்தது.

தெற்கே ஜொகூரிலோ காம்பிர் ஒரு நாட்டையே கட்டியெழுப்பியது. 1830களுக்குப் பின் பிரிட்டிஷ் தோல் ஆலைகள் காம்பிரைப் பெருமளவில் கேட்கத் தொடங்கின. சீனக் குடியானவர்கள் ஆற்றங்கரைகளில் காடழித்துக் காம்பிரும் மிளகும் சேர்த்துப் பயிரிட்டனர். காய்ச்சிய இலையின் சக்கை மிளகுக்கு எருவாயிற்று. ஜொகூர் அரசுச் சின்னத்தில் இன்றும் காம்பிர் இலையும் மிளகும் இடம்பெறுகின்றன. எருவாகும் சக்கை வரையில் கேட்க அழகாகவே இருக்கிறது. ஆனால் இலையைக் காய்ச்ச ஓயாது விறகு வேண்டும். காம்பிர் நிலம் சில ஆண்டுகளில் சாரம் இழந்தது; சுற்றியுள்ள காடு அடுப்பில் எரிந்தது; பயிரிட்டோர் நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டிற்குச் சென்றனர். விடப்பட்ட மண்ணில் லாலாங் புல் மண்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது. தாவரத்திலிருந்து வருவதெல்லாம் தாவரத்தைக் காக்கும் என்று நம்புவோர் இதனை மறத்தலாகாது.

இனிக் குரோமியத்தின் கதை. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கான வேலை ஒருநாள் அளவிற்குச் சுருங்கியது. அத்தோல் கொதிநீரையும் தாங்கியது. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் கலைக்கல்லூரியில் இதனைச் சோதித்தார். அவர் முதலில் கருதிய பயன்களுள் ஒன்று உழவரின் கவலைச்சால், அதாவது கிணற்று நீரை மாடு கட்டி இறைக்கும் தோல்வாளி என்பது பலருக்கு வியப்பளிக்கும். பின்னர் வந்த குரோம் தோல் நிறுவனத்தின் பெயரே குரோம்பேட்டை என்னும் புறநகரின் பெயராக நிலைத்தது. 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை இந்திய அரசு கட்டுப்படுத்தியதும், முழுத்தோலும் காலணியும் செய்யும் ஆலைகள் பெருகின. ஆவாரையும் அதன் இடத்தைப் பெருமளவு பிடித்திருந்த தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையும் குரோமியத்தின்முன் பின்வாங்கின.

விளைவைப் பாலாறு கண்டது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்று, ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. ஏறத்தாழ 35,000 எக்டர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற்போனதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

அத்தீர்ப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. அதனை ஆசிரியர்கள் கருத வேண்டும். திண்டுக்கல் பகுதியில் 13 ஊர்களில் 467 கிணறுகளை ஆய்ந்தபோது 350 கெட்டிருந்தன. திண்டுக்கல்லோ பட்டைத்தோலுக்குப் பெயர்பெற்ற ஊர். கிணற்றைக் கெடுத்தது குரோமியம் ஒன்றே என்றால் இதனை விளக்க முடியாது. தோலைக் காக்க இட்ட உப்பு ஊறல்நீரோடு நிலத்தில் இறங்கியது. சுண்ணாம்பும் மயிரும் தசையும் அதனோடு சென்றன. பட்டையாயினும் குரோமியமாயினும் இம்முதற்படிகள் இரண்டிற்கும் பொது. பட்டைநீரே கூட எளிதில் சிதையாது. ஆற்றில் விட்டால் நீரைக் கறுக்கச் செய்து உயிர்வளியைக் குறைக்கும்.

அப்படியாயின் இயற்கைப் பதனிடுதல் என்று விலை கூட்டி விற்பது பொய்யா? பொய்யென நாம் கருதவில்லை. கழிவுச் சேற்றில் குரோமியம் இல்லாதது மெய்யான நன்மை. கிழக்கிந்தியத் தோல் புவிசார் குறியீடு பெற்றிருப்பதும் தகும். உப்பிற்கு மாற்றாக உடனடிக் குளிரூட்டலும், ஒரே பட்டைநீரைத் தொட்டி தொட்டியாகத் திரும்பப் பயன்படுத்துவதும், தரிசில் ஆவாரையை நட்டு வளர்ப்பதும் கூடினால் அச்சொல்லுக்குப் பொருள் உண்டாகும். இவை இன்றிப் பட்டை என்னும் பெயர் மட்டும் போதாது.

வகுப்பில் செய்து பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. காசுக்கட்டியையோ கடுந்தேயிலையையோ வெந்நீரில் கரைத்து வடிகட்டுக. இரண்டு கண்ணாடிக் குவளைகளில், ஒன்றில் ஜெலட்டின் கரைசலையும் மற்றொன்றில் மிக நீர்த்த அகார் அகார் கரைசலையும் எடுத்து, இரண்டிலும் அவ்வடிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுக. ஜெலட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வரும் புரதம். அது கலங்கித் திரிதிரியாகப் படியும். அகார் கடற்பாசியின் மாவுப்பொருள். அதில் அவ்வாறு திரியாது. முதற் குவளையின் அடியில் தங்கியதைத்தான் ஆம்பூர்த் தொழிலாளி வாரக்கணக்கில் தொட்டிக்குள் நின்று காத்திருந்தார்.