தேம்ஸ் நதியில் போடச் சொன்ன நாவல்

இரண்டு மாசமா ஒரே ஒரு பக்கக் கடிதத்தோடு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். கோடிக்கணக்கில் கடனுக்கு சிபாரிசுக் குறிப்பு எழுதுற கை, இந்த ஒரு பக்கத்துக்கு நடுங்குது.

விஷயம் இதுதான். மூணு வருஷமா ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி முடிச்சிருக்கேன். கோலார் தங்கவயல் கதை. ஆங்கிலத்தில். "அம்பாசமுத்திரத்துக்காரனுக்கு பி.காம் இங்கிலீஷ்ல என்னவே நாவல்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுது. காரணம் என் மகள். இங்கே லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம். தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவளுடைய தாத்தா கதையை அவள் படிக்கணும் என்றால் வேற வழி தெரியலை. (ஊரை விட்டு வந்த நம்ம எல்லார் வீட்டிலும் இந்தக் கதைதானே!)

எழுதியாச்சு. அடுத்தது பதிப்பகத்துக்கு அனுப்பணும். அங்கேதான் இந்தக் கடிதம். கதை என்ன, யாருடைய கதை, நீ யார், எதற்காக நாங்கள் இதைப் படிக்கணும் - எல்லாத்தையும் ஒரே பக்கத்தில் சொல்லணும். ஆங்கிலத்தில் 'கொயரி லெட்டர்' என்கிறார்கள். இந்த ஒரு பக்கம் சரியில்லை என்றால் முன்னூறு பக்கத்தை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

எழுதி முதலில் தங்கமணியிடம் காட்டினேன். "முதல் பாராவிலேயே இருபத்திமூணு வருஷ சர்வீஸ்னு போட்டிருக்கீங்களே, பிரமோஷனுக்கா விண்ணப்பம்?" என்றாள். அடுத்து கிளையில் என்னோடு வேலை பார்க்கும் கன்னட நண்பர். பொறுமையாகப் படித்துவிட்டு, "செக்யூரிட்டி எல்லாம் பக்காவா இருக்கு சார், கடன் வாங்குறவன் யாருன்னுதான் தெரியலை" என்றார். சுரங்கத்தின் வரலாறு, ஆழம், மூடிய தேதி எல்லாம் இருக்கு, மனுஷன் இல்லை என்று அர்த்தம். சுருக்கென்று தைத்தது.

நிற்க. கொஞ்சம் சரித்திரம் பேசுவோம். இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஆறுதல் தருகிறவர் ஒரு மைசூர்க்காரத் தமிழர். ஆர்.கே. நாராயண்.

சின்ன வயசில் தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. 1906-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா மைசூர் சமஸ்தானத்தில் தலைமை ஆசிரியர். மகாராஜா கல்லூரியில் பி.ஏ. முடித்த கையோடு, 1930-ல் நம்ம பெங்களூரில், பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நாவலை ஆரம்பித்தார். மால்குடி என்ற ஊரும் அதன் குட்டி ரயில் நிலையமும் பிறந்தது அன்றைக்குத்தான். மல்லேஸ்வரம், பசவனகுடி இரண்டையும் சேர்த்து மால்குடி ஆக்கினார் என்று இந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அழகான கதை, ஆனால் கதைதான்.

எழுதி முடித்துவிட்டார். வாங்கத்தான் ஆள் இல்லை. லண்டன் பதிப்பகங்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்புவார். கப்பலில் போய், கப்பலிலேயே திரும்பி வரும். போகவர மாசக்கணக்கில் ஆகும். நம்ம காலத்து மாதிரி மின்னஞ்சலில் பத்து பேருக்கு ஒரே நாளில் தட்டிவிடுகிற வேலை இல்லை. வீட்டிலோ வருமானம் போதாது. சென்னையிலிருந்து வந்த 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர் நிருபராக அலைந்துகொண்டிருந்தார்.

கிட்டு பூர்ணா என்று ஒரு மைசூர் நண்பர் அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் பிரதி கடைசியில் அவரிடம் போய்ச் சேர்ந்தது. மனம் வெறுத்துப்போன நாராயண் அவருக்கு எழுதியது என்ன தெரியுமா? இதில் ஒரு கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று! உலகத்திலேயே மோசமான சிபாரிசுக் கடிதம் இதுவாகத்தான் இருக்கும்.

நண்பர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நல்லவேளை. ஆக்ஸ்ஃபோர்டில் அப்போது குடியிருந்த கிரஹாம் கிரீன் என்ற எழுத்தாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீனும் அப்போது இளைஞர்தான், நாராயணைவிட இரண்டு வயசு மூத்தவர். படித்தார், பிடித்துப்போனது, ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகத்தில் பேசினார். நாவல் ஏற்கப்பட்டது என்று பூர்ணாவிடமிருந்து மைசூருக்குத் தந்தி வந்தது. 1935-ல் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வெளியானது. 'சுவாமி, தி டேட்' என்றிருந்த தலைப்பை மாற்றச் சொன்னவரும், நாராயணஸ்வாமி என்ற நீளப் பெயரை நாராயண் என்று சுருக்கச் சொன்னவரும் கிரீன்தான். இந்தக் காலத்து மொழியில் சொன்னால், வந்த கருத்துகளை எழுத்தாளர் ஏற்றுக்கொண்டார்!

அதே 1935-ல் இன்னொரு இந்தியரின் நாவலும் லண்டனில் வந்தது. முல்க் ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்'. 19 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு, ஈ.எம். ஃபார்ஸ்டரின் முன்னுரையோடு வந்தது. ஒரே வருஷம், இரண்டு நாவல், இரண்டுக்கும் பின்னால் ஒரு வெள்ளைக்கார எழுத்தாளரின் கை. தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. அந்தக் கதவு உள்ளேயிருந்து மட்டும்தான் திறந்தது.

புத்தகம் வந்ததும் நாராயணுக்கு பணம் கொட்டியது என்று நினைக்காதீர்கள். விமர்சனம் நன்றாக வந்தது, விற்பனை இல்லை. ஹாமிஷ் ஹாமில்டன் அடுத்த நாவலை வேண்டாம் என்றுவிட்டது. 1937-ல் இரண்டாவது நாவலை நெல்சனும், 1938-ல் மூன்றாவதை மேக்மில்லனும் போட்டன. மூணு புத்தகம், மூணு பதிப்பகம். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து! 1939-ல் மனைவி ராஜம் டைஃபாய்டில் இறந்துபோனார். சின்னக் குழந்தை ஒரு பக்கம், உலகப்போர் ஒரு பக்கம். லண்டன் தொடர்பு அறுந்தது. என்ன செய்தார்? 1942-ல் மைசூரில் 'இந்தியன் தாட் பப்ளிகேஷன்ஸ்' என்று தானே பதிப்பகம் ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கும் அவர் புத்தகங்கள் அந்தப் பெயரில் வருகின்றன.

தமிழில் நமக்கு வேறு வழிகள் இருந்தன. உ.வே.சா. சீவகசிந்தாமணியை 1887-ல் பதிப்பித்தபோது, புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். நாவல் என்றால் பத்திரிகைத் தொடர். ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் மாசாமாசம் வந்ததுதான். நம் தலைமுறைக்கு, தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையை உள்ளே வைத்து பத்திரிகைக்குக் கதை அனுப்பியது ஞாபகம் இருக்கும். அந்த உறை திரும்பி வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும் :-)

இதையெல்லாம் யோசித்தபோது என் தொழில் சம்பந்தமாக ஒன்று தோன்றியது. 1969-ல் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கும் முன்னால், சாமானியனுக்குக் கடன் என்பது பெரும்பாலும் தெரிந்த ஆள் இருந்தால்தான். விண்ணப்பப் படிவம் என்ற அசட்டுக் காகிதம்தான் ஆள் இல்லாதவனையும் கவுண்டருக்கு முன்னால் நிற்க வைத்தது. படிவத்தில் ஆயிரம் குறை உண்டு. ஆனால் அது "உனக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்காது. இந்த ஒரு பக்கக் கடிதமும் அப்படித்தான். கிரஹாம் கிரீன் கிடைக்காதவனுக்கு அதுதான் கிரஹாம் கிரீன். இது புரிந்த பிறகு அதன்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

கோபம் போனது, அவசரம் போகவில்லை. தங்கவயல் கதை என் மாமனாருடையது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்கம் மூடிய அன்றுவரை கீழே இறங்கிய மனுஷர். இப்போது எண்பத்தொரு வயசு, எங்களோடு இருக்கிறார். கல் தூசு தின்ற நெஞ்சு. ராத்திரி நான் தட்டச்சு செய்யும் சத்தமும் அவர் இருமும் சத்தமும் மாறி மாறிக் கேட்கும். போன வாரம், "இன்னா மாப்ள, பொஸ்தகம் எப்ப வருது?" என்று கேட்டார். "வரும் மாமா" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. நாராயணுக்கு ஐந்து வருஷம் ஆனது. எனக்கு அவ்வளவு தவணை கிடைக்குமா?

அன்று ராத்திரியே பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு (சரி, அழித்துவிட்டு) புதுசாக எழுதினேன். இருபத்திமூணு வருஷ சர்வீஸ் போச்சு, சுரங்கத்தின் ஆழம் போச்சு. முதல் வரி தமிழில் இப்படி வரும்:

"சுரங்கம் மூடிய மறுநாள் விடியற்காலையிலும், முப்பத்தைந்து வருஷப் பழக்கத்தில் நாலரை மணிக்கு எழுந்து, டிபன் பாக்ஸோடு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்த ஒருவரின் கதை இது."

தங்கமணி படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அப்பாவுக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

நீங்கள் சொல்லுங்கள். இந்த வரிக்கு அடுத்த வரியைப் படிப்பீர்களா? நல்லாயில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். கல்லைக் கட்ட மாட்டேன். இங்கே தேம்ஸும் இல்லை, இருக்கிற ஏரியில் போட்டால் நுரைதான் வரும். திருத்தி எழுதிவிட்டு, வர்ற திங்கட்கிழமை அனுப்பிவிடுவேன்.