கப்பலிலிருந்து இறங்கிய தண்டல்

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் சாலை வேலைகளிலும் கூலியாட்களை மேற்பார்த்தவருக்குத் 'தண்டல்' என்றொரு பெயர் வழங்கிற்று. தாப்பா வட்டாரத்து முதியோருக்கு அது தெரிந்த சொல்லே. வரி தண்டுதல் என்னும் வினையிலிருந்து இப்பெயர் பிறந்ததாக எண்ணத் தோன்றும். ஆனால் அதன் பிறப்பிடம் கப்பல் தளமாகும்.

ஆங்கிலேயர் கப்பல்களில் வேலைசெய்த இந்தியக் கடலோடிகள் 'லஸ்கர்' எனப்பட்டனர். அவர்களுக்குத் தலைவன் 'சாரங்கு'. அவனுக்கு அடுத்தவன் 'தண்டல்'. லஸ்கரும் சாரங்கும் பாரசீக வழி வந்தவை. முன்னது படையையும் பின்னது படைத்தலைவனையும் குறித்தன. தண்டலோ தென்னாட்டுச் சொல். மலையாளத்திலும் தெலுங்கிலும் அதன் இனச்சொற்கள் உள்ளன. துடுப்பைக் குறிக்கும் 'தண்டு' என்பதே இதன் வேர் என்பாரும் உளர். மலாய்மொழி இதனைத் 'தண்டில்' என ஏற்றுக்கொண்டது.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் இச்சொல் 'தண்டையல்' என வழங்கி, கப்பல் தலைவனையே குறித்தது. அவ்வூரில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், 1938ஆம் ஆண்டில் அவ்வூர்த் தண்டையலின் தலைமையில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அங்கே கப்பல் தலைவனுக்குரிய பெயர், இங்கே கூலிக்கூட்டத்தின் மேலாளுக்கு ஆயிற்று. கப்பல் தளத்தில் ஆட்களை ஏவி வேலைவாங்கிய முறையே கரையிலும் தொடர்ந்ததால், பெயரும் உடன் வந்தது எனலாம்.

தமிழ் பிறருக்குக் கொடுத்த கடற்சொற்கள் உண்டு. 'கப்பல்' மலாயில் 'காப்பால்' ஆயிற்று. ஆகாய விமானமும் மலாயில் 'காப்பால் தெர்பாங்', அதாவது பறக்கும் கப்பல்தான். 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆயிற்று.

தமிழ் பெற்றவையும் குறைவல்ல. சுக்கான் அரபுச் சொல். நங்கூரம் பாரசீகச் சொல். மாலுமியோ, ஆசானைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபு. அதுவே மலாயில் 'மாலிம்' எனக் கப்பல் வழிகாட்டியைக் குறித்தது. வழியறிந்தவனே கடலில் ஆசான் என்னும் கருத்து இதில் விளங்குகிறது.

நாவாய், வங்கம், மீகான் என நமக்கே பழஞ்சொற்கள் இருக்க, மாலுமியும் சுக்கானும் எதற்கு என்று வினவுவோர் உண்டு. செய்யுள் நடைக்கு மீகான் பொருந்தும். ஆயினும் மாலுமியை நீக்கினால், அரபியரோடும் மலாயரோடும் ஒரே கடலில் தொழில் செய்த நம் முன்னோரின் சான்று ஒன்று அழியும். கொடுத்த சொற்களை மட்டும் எண்ணிப் பெருமை கொள்வது பாதி வரலாறே.

தண்டலுக்கு நேர்வது வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குச் சென்றபின், அச்சொல்லை ஆளும் வாய்கள் குறைந்துவிட்டன. கப்பலேறி வந்தவர்களின் பெயர்கள் பல ஏடுகளில் இல்லை. அவர்கள் பேச்சில் தங்கிய கடற்சொல்லேனும் பாட வகுப்பில் ஒருமுறை விளக்கப்படுமானால், பேரப்பிள்ளைகள் தம் குடும்பம் கடந்த கடலைச் சிறிது அறிவர்.