சாப்பிடும் இடம், படுக்கும் இடம்

சின்ன வீட்டுக்கு என்ன வழி என்று கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: ஒரே இடத்தை நாலு வேலைக்கு வைத்துக்கொள். ராத்திரி பாயை விரி, காலையில் சுருட்டு, அதே இடத்தில் தட்டைப் போடு. நம்ம ஊர் ஒற்றை அறைக் குடித்தனங்கள் காலங்காலமாக இப்படித்தான் ஓடுகின்றன. கொஞ்ச நாளாக ஜப்பானியக் குடியிருப்புகளின் வரலாற்றைப் படித்து வருகிறேன். அங்கேயும் இதே பேச்சுதான். தரையெங்கும் தடித்த கோரைப்பாய், சுருட்டி அலமாரியில் வைக்கிற மெத்தை. ஒரே அறையில் சாப்பிட்டுத் தூங்குவதுதான் சிக்கனம் என்று நிபுணர்களும் நம்பினார்கள்.

இதை மறுத்தவர் நிஷியாமா உசோ. கட்டடக்கலை படித்தவர். சாதாரண ஜனங்களின் வீடுகளில் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கணக்கெடுத்தார். ரொம்பச் சின்ன வீட்டில்கூட, இரண்டு அறை இருந்தால் போதும், ஜனங்கள் ஒன்றைச் சாப்பிடுவதற்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். மீதி அறையில் நெருக்கியடித்துப் படுக்கிறார்கள். இதுதான் அவர் கண்டது. 1942-ல் இதைக் கட்டுரையாக எழுதினார்.

யோசித்தால் காரணம் புரிகிறது. ஒருத்தர் விடியற்காலையில் வேலைக்குப் போக வேண்டும், குழந்தை தூங்குகிறது. எல்லாரும் எழுந்து படுக்கையைச் சுருட்டினால்தான் ஒருத்தருக்குச் சாப்பாடு என்றால், அந்த வீட்டில் தினமும் யாராவது தூக்கத்தையோ சாப்பாட்டையோ விட்டுக்கொடுத்தாக வேண்டும். இடம் மிச்சம்தான், அதற்கான விலையை மனுஷர்கள் கொடுக்கிறார்கள்.

போர் முடிந்தபோது ஜப்பானில் சுமார் 42 லட்சம் வீடுகள் பற்றாக்குறை. 1951-ல் பொதுக் குடியிருப்புச் சட்டம் வந்தது. அந்த வருஷத்து மாதிரி வரைபடங்களில் மிகச் சிறியதற்கு 51சி என்று பெயர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யோஷிடாகே யசுமியின் குழு போட்டது. ஏறக்குறைய 35 சதுர மீட்டர், அதாவது 375 சதுர அடி சொச்சம். அதற்குள் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் படுக்கையறை. சாப்பாட்டுக்குத் தனி அறை போட இடமில்லை. அதனால் சமையலறையையே கொஞ்சம் அகலமாக்கி அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வைத்தார்கள். எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமம். சமையலும் சாப்பாடும் சேரலாம். சாப்பாடும் தூக்கமும் சேரக் கூடாது.

1955-ல் தொடங்கிய ஜப்பான் வீட்டு வசதிக் கழகம் இந்த யோசனையை நாடு முழுக்கக் கொண்டுபோனது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய குடும்பங்கள் சமையலறையில் சாப்பிடுமா என்று சந்தேகம். ஆரம்பத்தில் வீட்டோடு மேஜையையும் சேர்த்தே கொடுத்தார்கள். இரண்டு அறை, ஒரு சாப்பாட்டுச் சமையலறை கொண்ட வீட்டுக்கு வந்த ‘2டிகே’ என்ற பெயர் இன்றும் அங்கே வாடகை விளம்பரங்களில் இருக்கிறது.

சின்ன வீட்டுக்கு மடக்குக் கட்டில், தொங்கு அலமாரி என்று யோசனை சொல்ல இன்று நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு நிஷியாமா வேலையைத் தொடங்கிய விதம்தான் பிடித்திருக்கிறது. எதையெல்லாம் சுருக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், இவ்வளவு நெருக்கடியிலும் இந்த ஜனங்கள் எதை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தார். வரைபடம் அதற்கப்புறம்தான் வந்தது.