வணிகக் கல்வியும் அதன் ஆணிவேரும்

பல்கலைக் கழகத்தில் வணிகவியல் பயிலும் மாணவருள் சிலர் எளிதில் தேறுகின்றனர்; சிலர் முதலாண்டிலேயே தடுமாறுகின்றனர். "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாணிகப் படிப்பு எங்கே வரப்போகிறது?" என்பாரும் நம்மிடையே உளர். இக்கூற்று பொருந்துமா என்பதை வணிகக் கல்வியின் வரலாறு கொண்டே ஆராய்வோம்.

வாணிகத்தைக் கடையிலும் பண்டசாலையிலும் பழகிக் கற்பதே நெடுநாள் வழக்கம். 1881-ஆம் ஆண்டில், ஜோசப் வார்ட்டன் என்னும் தொழிலதிபர் அளித்த ஓர் இலட்சம் டாலர் நன்கொடையைக் கொண்டு, அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகம் வணிகக் கல்விக்கெனத் தனிப்பள்ளி தொடங்கிற்று. 1908-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகமும் அவ்வழி நின்றது. அரை நூற்றாண்டிற்குள் இத்தகைய பள்ளிகள் அந்நாட்டில் பெருகின. பெருகவே, யாரைச் சேர்ப்பது, யார் தேறுவர் என்னும் வினாவும் எழுந்தது.

விடை காண விழைந்த வணிகப் பள்ளிகள் சில ஒன்றுகூடின. அதன் பயனாக, மேற்பட்டப் படிப்புக்குரிய பொது நுழைவுத் தேர்வொன்று 1954-இல் தொடங்கிற்று. இன்று 'ஜிமேட்' என வழங்குவது அதன் வழிவந்ததே. அத்தேர்வு எதனைச் சோதித்தது? பேரேடு எழுதும் திறனையன்று. விலை பேசும் சாமர்த்தியத்தையுமன்று. படித்ததைப் பொருளுணரும் ஆற்றலையும், எண்ணைக் கையாளும் ஆற்றலையுமே சோதித்தது. தேர்வு மதிப்பெண்ணோடு மாணவரின் முந்திய படிப்பையும் சேர்த்து நோக்கினால் அவரது தேர்ச்சியை மேலும் நன்கு கணிக்கலாம் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எனினும் அக்கணிப்பும் முழுமையன்று. ஒருவருடைய விடாமுயற்சியை எந்தத் தேர்வுத்தாளும் அளந்துவிடாது.

1959-இல் இரண்டு பேரறிக்கைகள் வெளிவந்தன. ஒன்று ஃபோர்டு அறநிறுவனத்தின் ஆதரவில் கார்டன், ஹவல் என்போர் எழுதியது. மற்றது கார்னகி நிறுவனத்தின் ஆதரவில் பியர்சன் எழுதியது. குறுகிய தொழிற்பாடங்கள் மலிந்திருப்பதையும், மாணவர் பலரின் அடிப்படை வலுவற்றிருப்பதையும் இரண்டும் கண்டித்தன. கணிதமும் பொதுக் கல்வியும் மிகுதல் வேண்டுமென வற்புறுத்தின. அதன்பின் பாடத்திட்டங்கள் பெரிதும் மாறின.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? வணிகக் கல்வியின் ஆணிவேர் வாணிகக் குடிப்பிறப்பன்று; மொழியறிவும் எண்ணறிவுமே. அவ்விரண்டும் ஆறாண்டுக் காலம் தொடக்கப் பள்ளி ஆசிரியர் கையில் உள்ளவை. பல்கலைக் கழகப் பாடமொழி வேறாயினும், பொருளுணர்ந்து படிக்கும் பழக்கம் தாய்மொழியிலேயே முதலில் அமைகின்றது.

கூட்டல் கழித்தலைப் பிழையறச் செய்யும் பிள்ளை, அதே கணக்கை நான்கு வரி வாசகமாகக் கொடுத்தால் விழிக்கின்றது. இதனைத் தோட்டப் பள்ளியில் அடிக்கடி காண்கிறேன். அப்பிள்ளைக்குக் குறைவது கணக்கறிவன்று, வாசிப்பே. கணக்கு வேளையில் மொழியையும், மொழி வேளையில் கணக்கையும் மறந்து பாடம் நடத்தியது ஆசிரியர் குற்றம். நானும் பல்லாண்டு அவ்வாறே நடத்தியவன்தான்.

அப்பிள்ளை நாளைப் பல்கலைக் கழகத்தில் தடுமாறுமாயின், பழியை அதன் பிறப்பின்மேல் ஏற்றுதல் நீதியாகாது. வேருக்கு நீர் வார்த்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.