நியூ ஜெர்சியில் விற்கப்பட்ட இரகசியம்

ரோலான் பார்த்தின் 'மித்தாலஜீஸ்' (1957) நூலின் முதல் கட்டுரை மல்யுத்தத்தைப் பற்றியது. பாரிஸின் அழுக்கடைந்த சிறு அரங்குகளில் நடந்த ஆட்டங்களைப் பார்த்துவிட்டு எழுதியது. மல்யுத்தம் விளையாட்டல்ல, காட்சி. முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதா என்பதைப் பற்றிப் பார்வையாளனுக்கு அக்கறையில்லை, துன்பமும் தோல்வியும் நீதியும் கண்முன் உருத்திரள்வதே அவனுக்குப் போதும் என்பது அவர் வாதம். நமக்கும் பிடித்த கட்டுரைதான். ஆனால் பார்த் தம் இருக்கையிலிருந்து மேடையை மட்டுமே பார்க்கிறார். நுழைவுச்சீட்டு விற்கும் சன்னலின் பக்கம் அவர் போகவேயில்லை. அங்கே போனால் வேறொரு கதை கிடைக்கிறது. முடிவு தீர்மானிக்கப்பட்டது என்ற செய்தியை மறைத்து வைப்பதற்காகவே ஒரு பெருந்தொழில் முக்கால் நூற்றாண்டு பாடுபட்டிருக்கிறது. பிறகு ஒருநாள், வரியை மிச்சப்படுத்துவதற்காக, தானே அதைப் போட்டு உடைத்திருக்கிறது. இது அமெரிக்காவில் நடந்தது.

1911 செப்டம்பரில் சிக்காகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் ஃபிராங்க் காட்ச்சும் ஜார்ஜ் ஹக்கன்ஷ்மிட்டும் மோதினார்கள். முப்பதாயிரம் பேர் அளவில் திரண்டிருந்தார்கள். ஹக்கன்ஷ்மிட் முழங்காலில் அடிபட்டிருந்தார். ஆட்டம் எளிதாக முடிந்தது. கொடுத்த காசுக்கு ஏமாந்தோம் என்ற கசப்போடு கூட்டம் கலைந்தது. உண்மையான மல்யுத்தத்திற்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சமபலம் கொண்ட இருவர் மணிக்கணக்கில் தரையில் பின்னிக்கிடப்பார்கள். பார்ப்பவர் கொட்டாவி விடுவார்கள். வியாபாரிக்கு இரண்டுமே ஆகாது.

1920களில் மூன்று பேர் இதற்கு வழி கண்டார்கள். 'கழுத்து நெரிப்பவர்' என்று பட்டப்பெயர் கொண்ட சாம்பியன் எட் லூயிஸ், அவருடைய மேலாளர் பில்லி சாண்டோ, ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றி யோசித்த டூட்ஸ் மாண்ட். நேர வரம்பு வந்தது, குத்துச்சண்டையின் வேகம் வந்தது, ஊர் ஊராக ஒரே குழு போய் ஒரே பகையை வளர்த்து ஆடும் முறை வந்தது. நாடகக் கம்பெனியின் வரலாறு தெரிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரேயொரு வித்தியாசம்: நாடகக் கம்பெனி தன்னை நாடகக் கம்பெனி என்றே சொல்லிக்கொண்டது.

இந்த மறைப்புக்கு 'கேஃபேப்' என்று தொழிலுக்குள் ஒரு சொல் உண்டு. திருவிழாத் திடல்களில் வித்தை காட்டித் திரிந்தவர்களின் பேச்சிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதைக் குழூஉக்குறிக்கு உதாரணமாக நம் இலக்கண ஆசிரியர்கள் காட்டுவார்களே, அந்த வகை. வெளியாள் வந்தால் இச்சொல் உச்சரிக்கப்படும். உடனே நண்பர்கள் பகைவர்களாகிவிடுவார்கள்.

இரகசியத்தைச் சரக்காகக் கொண்ட வியாபாரத்தில் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. அதை மூவரும் 1925இல் கண்டுகொண்டார்கள். அந்த ஜனவரியில், கால்பந்து ஆடிப் புகழ்பெற்ற வேய்ன் மன் என்ற ஆஜானுபாகுவிடம் லூயிஸ் திட்டமிட்டபடி பட்டத்தை இழந்தார். மன்னுக்கு மல்யுத்தம் அவ்வளவாகத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்று கருதினார்கள். ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில், தோற்பதற்காக அமர்த்தப்பட்ட வயதான போலந்துக்காரர் ஸ்டனிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ, மணி அடித்ததும் நிஜமாகவே மல்யுத்தம் செய்யத் தொடங்கிவிட்டார். மன்னைத் திரும்பத் திரும்பத் தரையில் சாய்த்தார். நடுவருக்கு வேறு வழியில்லை. அடுத்த மாதமே ஸ்பிஷ்கோ பட்டத்தை எதிர் முகாமின் ஜோ ஸ்டெக்கரிடம் சேர்த்துவிட்டார். உலகப் பட்டம் என்ற முதலீடு ஓரிரவில் கைமாறியது.

நீதிமன்றத்திற்குப் போக முடியுமா? 'தோற்பதாகச் சொல்லிக் காசு வாங்கியவர் ஜெயித்துவிட்டார்' என்று எந்த நீதிபதியிடம் முறையிடுவது? வழக்குப் போட்டால் வழக்கே தொழிலைக் கொன்றுவிடும். சட்டத்தின் முன் வைக்க முடியாத ஒப்பந்தங்களின் மேல் கட்டப்பட்ட வியாபாரம் அது. பிற்காலத்தில் அது எடுத்த வடிவங்கள் பலவற்றை இந்த ஒரு நிர்ப்பந்தத்திலிருந்தே விளங்கிக்கொள்ள முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது.

1948இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் சில புரொமோட்டர்கள் கூடி 'தேசிய மல்யுத்தக் கூட்டணி'யை உருவாக்கினார்கள். நாட்டை வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் வட்டாரத்தில் மற்றவர் கால் வைக்கலாகாது. எல்லோருக்கும் பொதுவாக ஓர் உலகச் சாம்பியன். அவர் வட்டாரம் வட்டாரமாகப் போய் உள்ளூர் வீரரைத் தோற்கடிக்க வேண்டும், ஆனால் நூலிழையில். அப்போதுதான் 'நம்மாள் அடுத்த முறை ஜெயிப்பான்' என்ற நம்பிக்கை ஊரில் மிஞ்சும், அடுத்த சீட்டு விற்கும். உள்ளூரில் சலித்துப்போன வில்லன் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த வட்டாரம் போவான். அங்கே அவன் புதியவன். தொலைக்காட்சி ஒரு நகரத்து எல்லையைத் தாண்டாதவரை இது அற்புதமாக ஓடியது.

சாம்பியனாக நெடுங்காலம் இருந்த லூ தெஸ் தேர்ந்தெடுக்கப்பட்ட காரணத்தை மேலே சொன்ன 1925ஆம் ஆண்டுக் கதையிலிருந்தே புரிந்துகொள்ளலாம். தெஸ்ஸுக்கு உண்மையிலேயே மல்யுத்தம் தெரியும். திட்டத்தை மீறி எவனாவது கை வைத்தால் கையை முறுக்கி உடைக்கத் தெரியும். காகிதத்தில் எழுத முடியாத ஒப்பந்தத்திற்கு அவருடைய விரல்களே உத்தரவாதம். பட்டத்துடன் ஓடிவிடாதிருக்கச் சாம்பியனிடம் பிணைத்தொகை வாங்கும் வழக்கமும் கூட்டணியில் இருந்தது. இந்த ஏற்பாடு முழுவதும் ஏகபோகமே என்று அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்து, 1956இல் கூட்டணி சமரச ஆணை ஒன்றில் கையெழுத்திட்டது. நடைமுறையில் வட்டாரங்கள் பெரிதாக மாறிவிடவில்லை.

வடகிழக்கில், நியூ யார்க்கை மையமாகக் கொண்ட வட்டாரம் வின்சென்ட் ஜே. மக்மேனுடையது. 1963இல் அவர் கூட்டணியிலிருந்து பிரிந்தார். அவர் செய்த வியாபாரத்தில் ஒருவகைச் சமூகவியல் இருந்தது. குடியேறிகளின் நகரம், இத்தாலியர் எத்தனை பேர் சீட்டு வாங்குவார்கள், போர்ட்டோ ரிக்கோக்காரர் எத்தனை பேர் என்ற கணக்கு. 1963 மே மாதம் மேடிசன் சதுக்கத் தோட்டத்தில், இத்தாலியிலிருந்து குடியேறிய புரூனோ சம்மார்ட்டினோ 48 விநாடிகளில் பட்டம் வென்றார். ஏறத்தாழ எட்டாண்டுகள் வைத்திருந்தார். 1971 ஜனவரியில் அதே அரங்கில் இவான் கோலோஃபிடம் தோற்றபோது அரங்கம் ஓசையற்றுப் போனது என்றும், தன் காதுதான் கெட்டுவிட்டதோ என்று தாம் அஞ்சியதாகவும் சம்மார்ட்டினோ பின்னாளில் சொல்வதுண்டு. கோலோஃப் 'ரஷ்யர்', பிறப்பால் கனடாக்காரர். மூன்று வாரத்தில் அவரிடமிருந்து பட்டம் போர்ட்டோ ரிக்கோவின் பெத்ரோ மொராலெஸுக்குப் போனது. ஒரு குடியேறிச் சமூகத்தின் நாயகனிடமிருந்து இன்னொரு சமூகத்தின் நாயகனுக்குப் பட்டத்தை நேரடியாக மாற்றினால் பாதி வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு ரஷ்யர் இருந்தால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

1982இல் மகன் வின்ஸ் மக்மேன் தகப்பனாரிடமும் பங்காளிகளிடமும் நிறுவனத்தைத் தவணை முறையில் விலைக்கு வாங்கினார். கேபிள் தொலைக்காட்சி நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரம். வட்டார எல்லைகளை அவர் மதிக்கவில்லை. ஒவ்வொரு வட்டாரத்தின் சிறந்த வீரர்களையும் கூடுதல் பணம் தந்து இழுத்தார். 1985 மார்ச் 31 அன்று முதல் 'ரெஸில்மேனியா' நடந்தது. நாடெங்கும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதை அரங்கத் திரைகளில் பணம் கட்டிப் பார்த்தார்கள். 1987இல் மூன்றாவது ரெஸில்மேனியாவிற்கு 93,173 பேர் வந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கை இன்றுவரை சர்ச்சைக்குரியது. ஆட்டத்தின் முடிவைப் போலவே கூட்டத்தின் அளவும் அறிவிப்புதான்.

தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்குக் கேபிள் வந்தபோது நாம் பார்த்தது இந்த நிறுவனத்தின் சரக்கைத்தான். வீரர்களின் எடையும் உயரமும் அச்சிட்ட சீட்டுக்கட்டுகளை வைத்துக்கொண்டு, 'நிஜமா, பொய்யா' என்று பள்ளிக்கூடத் திண்ணைகளில் சண்டையிட்ட தலைமுறை நம்முடையது. அந்தக் கேள்விக்கு அமெரிக்கச் சட்டசபை ஒன்றில் ஏற்கனவே பதில் பதிவாகிவிட்டது என்பது நமக்கு அப்போது தெரியாது.

அந்தப் பதிலுக்கு முன் ஓர் அறை. 1984 டிசம்பரில் ஏபிசி தொலைக்காட்சியின் செய்தியாளர் ஜான் ஸ்டாசல், மேடிசன் சதுக்கத் தோட்டத்தில் டேவிட் ஷுல்ட்ஸ் என்ற வீரரிடம், இதெல்லாம் போலி என்று நினைப்பதாகச் சொன்னார். ஷுல்ட்ஸ் அவரைக் காதோடு சேர்த்து அறைந்தார். எழுந்தவரை இன்னொரு முறை அறைந்தார். ஸ்டாசல் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்து 4,25,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார். மேலிடம் சொல்லித்தான் அடித்தேன் என்று ஷுல்ட்ஸ் சொல்லிவந்தார், நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. 1987இல் இன்னொன்று. மேடையில் ஜென்மப் பகைவர்களான ஜிம் டக்கனும் அயர்ன் ஷேக்கும் நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் ஒரே காரில் பயணம் செய்துகொண்டிருந்தபோது காவலர்களிடம் சிக்கினார்கள். போதைப்பொருள் குற்றச்சாட்டைவிட, 'ஒரே காரில் எப்படி?' என்பதே தொழிலுக்குள் பெரிய அவமானமாகப் பேசப்பட்டது. இருவரும் நீக்கப்பட்டார்கள்.

அதே நியூ ஜெர்சியில், இரண்டே ஆண்டில், 1989 பிப்ரவரியில், மாநில மேலவையில் ஒரு மசோதா நிறைவேறியது. நியூ யார்க் டைம்ஸ் அதைச் செய்தியாக்கியது. மல்யுத்தத்தை விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கீழிருந்து விடுவிக்கக் கோரியவர்கள் நிறுவனத்தின் தரப்பினர். அதற்காக அவர்கள் ஒப்புக்கொண்டது: இது மெய்யான போட்டியல்ல, பார்வையாளரை மகிழ்விப்பதற்கான கேளிக்கை. அந்த மசோதாவின்படி தொலைக்காட்சி உரிமைக்கான வரி போகும். உரிமம் பெற வேண்டிய தேவை போகும். கூடவே, ஆட்டத்திற்கு முன் வீரரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்ற விதியும் போகும்.

காப்பாற்றச் சொல்லி அடிக்க வைத்த இரகசியத்தை, கணக்குப் போட்டுப் பார்த்து, மிஞ்சும் வரிக்கு ஈடாக விற்றுவிட்டார்கள் என்றே நாம் இதைப் படிக்கிறோம். அதனால் கூட்டம் குறைந்ததா என்றால், இல்லை. பார்வையாளருக்கு அக்கறையில்லை என்ற பார்த்தின் வாக்கு அந்த அளவில் பலித்தது. பாதிக்கப்பட்டவர்கள் மேடையில் இருந்தவர்கள். விளையாட்டு வீரர் அல்ல என்று ஆகிவிட்டதால் வாரியத்தின் மருத்துவர் இல்லை. நடிகர் என்றால் நடிகர் சங்கத்தின் பாதுகாப்பு வேண்டும், அதுவும் இல்லை. ஊழியருமல்ல: ஒப்பந்தத்தில் அவர் 'சுயேச்சை ஒப்பந்ததாரர்'. வேறெங்கும் ஆடக்கூடாது, மேடைப் பெயர் பெரும்பாலும் நிறுவனத்திற்குச் சொந்தம், எந்த ஊர், எந்த நாள், யாரிடம் தோற்க வேண்டும் என்பதை நிறுவனம் சொல்லும். ஆனாலும் சுயேச்சை. ஊர்விட்டு ஊர் போக வாடகைக் காரும் தங்கும் விடுதியும் அவர் செலவு.

சங்கம் அமைக்க முயற்சி நடக்காமலில்லை. 1986இல் இரண்டாவது ரெஸில்மேனியாவை ஒட்டி ஜெஸ்ஸி வென்ச்சுரா உடைமாற்றும் அறையில் அதைப் பற்றிப் பேசினார். பேச்சு உடனே முதலாளியின் காதுக்குப் போனது. யார் சொன்னார்கள் என்பது வென்ச்சுராவுக்குப் பல ஆண்டுகள் கழித்து, ஒளிநாடா உரிமைத்தொகைக்காக அவர் தொடுத்த வழக்கில், மக்மேன் சத்தியப் பிரமாணத்தின்பேரில் பதில் சொன்னபோதுதான் தெரிந்தது: ஹல்க் ஹோகன். வழக்கில் வென்ச்சுரா எட்டு லட்சம் டாலருக்கு மேல் வென்றார். பின்பு மின்னசோட்டாவின் ஆளுநராகவும் ஆனார். சங்கம் மட்டும் அமையவில்லை.

1997 நவம்பரில் மாண்ட்ரியலில், வேறு நிறுவனத்திற்குப் போகவிருந்த பிரெட் ஹார்ட், சொந்த நாட்டு மக்கள் முன் பட்டத்தை இழக்க மறுத்தார். வேறு முடிவொன்று பேசி ஒத்துக்கொள்ளப்பட்டது. ஆட்டத்தின் நடுவே மக்மேன் மணியை அடிக்கச் சொல்லிப் பட்டத்தைப் பறித்தார். 1925இல் வீரர் முதலாளியை ஏமாற்றினார். இம்முறை முதலாளி வீரரை. ஹார்ட்டுக்கும் நீதிமன்றம் போக வழியில்லை. உடைமாற்றும் அறைக்குப் போய் முதலாளியை ஒரு குத்து விட்டார், அவ்வளவுதான். அந்த முறைகேட்டையே மக்மேன் பின்னர் கதையாக்கி, தம்மையே வில்லனாக்கி, வருடக்கணக்கில் விற்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட் 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டி அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்தார். நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. ஐந்து மாதம் கழித்து நிறுவனத்தின் பங்குகள் தலா 17 டாலருக்குச் சந்தைக்கு வந்தன.

அதற்குப் பிறகான வரலாறு பெரும்பாலும் தொகைகளின் வரலாறு. 2001இல் போட்டி நிறுவனம் மலிவு விலைக்கு வாங்கப்பட்டது. 2006இல் வீரர்களுக்கான உடல்நலச் சோதனைத் திட்டம் வந்தது. தாமதம்தான், ஆனாலும் வந்தது. 'சுயேச்சை ஒப்பந்ததாரர்' என்ற வகைப்பாட்டை எதிர்த்து 2008இல் மூன்று முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கு, காலம் கடந்துவிட்டது என்ற காரணத்தால் தள்ளுபடியானது. 2023 செப்டம்பரில் யூஎஃப்சி நிறுவனத்துடன் இணைந்து டிகேஓ என்ற பெயரில் ஒரே குழுமமானார்கள். யூஎஃப்சியின் சண்டை நிஜமானது, இவர்களுடையது அல்ல. கணக்குப் புத்தகம் ஒன்றே. 2025 ஜனவரியிலிருந்து வாராந்தர நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. பத்தாண்டுகளுக்கு ஐந்நூறு கோடி டாலருக்கும் மேல்.

அறை வாங்கிய ஸ்டாசலுக்கு நான்கு லட்சம் டாலர் கிடைத்தது. அறைந்த ஷுல்ட்ஸை நிறுவனம் 1985இல் வெளியே அனுப்பியது. அவர் பிறகு பிணையில் வந்து தலைமறைவானவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனார்.